மண்டகப்படிக்கு வந்த தீ

கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த குளிர் நாடுகள் உங்கள் எரிவாயு இனி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், தாழைமேட்டில் கம்பெனிக்காரர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குழாயை மூடினார்கள். மூடிய கொஞ்ச நேரத்தில், கம்பத்தின் உச்சியில் ஒரு தலைமுறைக்கு மேலாக இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த தீ, அணைவதற்குப் பதிலாக, இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கி, முள்வேலியைத் தாண்டி, ரோட்டைக் கடக்கும்போது டவுன் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, பிறகு நேராகத் தையல்நாயகியின் வாசலுக்கு வந்து, அவள் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் இருந்தபோது தென்னை உயரம் தெரிந்த தீ, இப்போது ஒரு கன்றுக்குட்டி அளவுதான் இருந்தது. குழாயில் இருந்த காலத்துப் பழக்கத்தில் உஸ்ஸென்று மூச்சு விட்டது.

"வந்துட்டியா?" என்றாள். "ஒனக்கு வேற வீடே கெடைக்கலையா?"

அது அவள் வீட்டுக்கு வந்ததில் ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கம்பம் நின்றதே அவளுடைய நிலத்தில்தான். கம்பெனி வாயுக் கிணறு தோண்ட வந்தபோது அவள் தாவணி போட்ட பெண். அவளுடைய அப்பா, இரண்டு போகம் விளைந்த, ஏறக்குறைய ஓர் ஏக்கராகிற மூன்று மா நஞ்சையைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். அப்போதிருந்த மேலாளர் வெளியூர்க்காரர் என்றாலும், ஊர் வழக்கப்படி மாரியம்மன் கோயில் வாசலில் வெறுங்காலோடு நின்று, சூடம் கொளுத்தி, "எங்க தீ எரியற வரைக்கும் இந்த மண்ணுக்கு நாங்க பொறுப்பு" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் பிறகு ஒப்பந்தத்திலும் ஏறியது. தீ எரிகிறவரை மண் கம்பெனியின் பொறுப்பு. தீ அணைந்துவிட்டது என்று தாசில்தார் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டால், நிலம் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. தாழைமேட்டில் பேச்சு வந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

நல்லபடியாக என்றால் எப்படி? கிணற்றிலிருந்து வழிந்ததும், குழாயிலிருந்து கசிந்ததும், குழியில் கொட்டி மேலே மண் தள்ளி மூடியதும் எல்லாம் சேர்ந்து, அந்த மூன்று மாவும் தார்ச்சட்டியின் அடிபோலக் கிடந்தது. அருகம்புல்கூட அங்கே தலைகாட்டுவதில்லை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல், வானவில் நிறத்தில் மேலேயே நின்று வெயிலில் காய்ந்தது. தையல்நாயகி ஒவ்வோர் ஆடியிலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. முழங்கால் இன்னும் மடங்குகிறபோதே, அந்த மண்ணில் இறங்கி ஒரு தடவை நாற்று நட வேண்டும்.

ஆகவே அவள் அந்தத் தீயை வெறுத்தாள். அது அவளுடைய வயலின் மேல் நின்றது மட்டுமில்லை, ராத்திரியையும் சேர்த்துத் தின்றது. தாழைமேட்டில் இருட்டு என்பது, கண்ணை இறுக மூடினால் இமைக்குள் கிடைக்கிற சிவப்பு, அவ்வளவுதான். ஊரே முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கியது. சேவல்கள் நினைத்த நேரத்தில் கூவின. கடற்கரை மணலில் பொரித்த ஆமைக்குஞ்சுகள், வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல் என்று நம்பி, அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பத்தை நோக்கி ஊர்ந்து வந்தன. பெண்கள் அவற்றைக் கூடையில் பொறுக்கிக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள், விட்டதில் பாதி திரும்பி வந்தது. ஆனால் கம்பெனி வாசலில் இட்லி விற்றுத்தான் தையல்நாயகி வயிறு வளர்த்தாள் என்பதும், அவள் புருஷன் வைத்திலிங்கம் அந்த வாசலுக்கே காவல்காரர் என்பதும், ஊரின் தார்ரோடும் பள்ளிக்கூடமும் கமாலுதீனின் டீக்கடையும் லாரிகளும் லாட்ஜும் கல்யாணங்களும், கப்பலேறிப் போன அந்த வாயுவின் காசில்தான் நடந்தன என்பதும் பொய்யில்லை. வெறுத்துக்கொண்டே சாப்பிட்ட சோறு அது. அப்படிச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும், அது எங்கே போய் ஒட்டுகிறது என்று.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கியவர் தீயைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எதையும் எரிக்காத தீயை அணைக்கத் தங்களுக்கு உத்தரவு இல்லை என்று சொல்லி, கமாலுதீன் கடையில் டீ குடித்துவிட்டுப் போனார். போலீஸ்காரர், இது யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். கோயில் பூசாரி, மூட்டிய தீயா தானாக மூண்ட தீயா என்று தெரியாமல் உள்ளே விட முடியாது, ஆனால் வெளியே நின்று கும்பிடுவதற்குத் தடையில்லை என்றார். தொட்டுப் பார்த்தவர்கள், வடித்த சோற்றின் சூடுதான் இருக்கிறது என்றார்கள். கூரைக்குப் பக்கத்தில் போனாலும் கூரை பற்றவில்லை. நாய்கள் இரண்டு நாள் குரைத்தன, மூன்றாவது நாள் அதன் பக்கத்தில் சுருண்டு படுத்தன.

முதல் சாயங்காலம்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. கம்பத்தில் தீ இல்லாமல் ஊர் இருட்டியது. தாழைமேட்டைத் தாண்டாமல் நட்சத்திரத்தையே மறந்துபோயிருந்த மாரிக்கண்ணு, வானத்தில் பொடிப்பொடியாக ஏதோ எரிவதைப் பார்த்து, கம்பெனிக்காரன் போகிற போக்கில் அணைக்காமல் விட்டுவிட்டான் என்று கரண்ட் ஆபீசுக்கு ஆள் அனுப்பினாள்.

தீ எதையும் சாப்பிடவில்லை. விறகு வைத்தார்கள், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், ஒதுங்கி உட்கார்ந்தது. நாளுக்கு நாள் வாடியது. மூடிய வாசலுக்கும் தினமும் போய்க் காவல் நின்றுவிட்டு வருகிற வைத்திலிங்கம், ஒரு மத்தியானம் வந்து, கப்பல் சின்னம் போட்ட தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்புவதற்குள் ஆணிதான் இருந்தது.

"ஏய், ஏய்! தையலு! இது என் தொப்பியத் தின்னுடுச்சுடி!"

"பசிச்சிருக்கும்."

"பசிச்சா? அது கம்பெனி தொப்பி!"

"அதான் ருசியா இருந்திருக்கு."

பிறகு அது சுவரில் தொங்கிய கம்பெனி காலண்டரைத் தின்றது. தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த எவர்சில்வர் தூக்கை, அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு கடித்தது. பக்கத்திலேயே இருந்த, தையல்நாயகி சந்தையில் வாங்கிய தூக்கை நக்கிக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி சொத்து எதுவோ அதை மட்டும்தான் அது தின்னும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தின்ற அன்று நிமிர்ந்து நின்றது, தின்னாத அன்று குனிந்தது.

அந்த வாரமே இப்போதைய மேலாளர் பத்மநாபன் வந்தார். குழாயை மூடிவிட்டுப் போன அதே ஆள், அதே ஜீப்; ஆனால் ஜீப் பச்சையாகியிருந்தது, சட்டையும் பச்சை, பாக்கெட்டில் கப்பல் இருந்த இடத்தில் ஓர் இலை. கீழ்க்கடல் எரிவாயு என்ற பெயர் கீழ்க்கடல் பசுமை என்று மாறியிருந்தது. கோயில் திடலில் ஊர் கூடியது. அவர் ஜீப்பை விட்டு இறங்காமல், மைக்கில் பேசினார்.

"ஒலகமே மாறிடுச்சு. இனிமே வெயில்தான் எண்ணெய். கிணத்து மேட்டுல பூராவும் வெயில் தகடு போடப்போறோம். இங்கேருந்து கப்பல்ல கேஸ் போன மாதிரி, இனிமே கம்பியில கரண்ட் போகும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பழசை மூடிட்டோம்னு ஆயிட்டா போதும், புதுசு வந்துடும்."

தையல்நாயகி எழுந்தாள்.

"தகடு போடுங்க சார். வேணாம்னு யாரு சொன்னா? வெயிலுக்கு நான் பட்டாவா வாங்கி வெச்சிருக்கேன்? கீழ கெடக்குற கருப்ப அள்ளிட்டுப் போடுங்க. எனக்கு ஒரு மா மட்டும் சுத்தமா விடுங்க, நான் நட்டுக்கறேன். மீதியில ஒங்க தகடு நிக்கட்டும்."

"அந்தக் கருப்பு ஆதிகாலத்துச் சேறும்மா. நாங்க வர்றதுக்கு முன்னாடியே கெடந்தது. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது."

"எங்கப்பா அந்தச் சேத்துலதான் ரெண்டு போகம் எடுத்தாரா?"

கூட்டம் சிரித்தது. மேலாளரும் சிரித்தார்.

"அதெல்லாம் தாசில்தார் பாத்துக்குவாங்க. ஆடி முடியறப்ப வருவாங்க. தீ அணைஞ்சிருக்கா இல்லையான்னு பாப்பாங்க. அவ்வளவுதான் வேலை." தூரத்தில், தையல்நாயகியின் காலடியில் சுருண்டிருந்த தீயை எட்டிப் பார்த்தார். "இப்பவே இத்துனூண்டு ஆயிடுச்சே. தன்னால அணைஞ்சிடும்."

ஜீப் போன பிறகு டீக்கடையில் கூடினார்கள். மாரிக்கண்ணு, கம்பெனி பழையபடி வந்தால் போதும், மற்றது எதுவும் வேண்டாம் என்றாள். சிலர், கொடுப்பதை வாங்கிக்கொண்டு தகட்டைத் துடைக்கிற வேலைக்காவது போகலாம் என்றார்கள். கமாலுதீன் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் தங்கச்சி, அது அணையாம இருந்தா?"

"அதத்தான் அண்ணே நானும் யோசிக்கிறேன்," என்றாள் தையல்நாயகி. சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது. தூக்கத்தைத் தின்ற தீ, வயலைத் தின்ற தீ, எப்போது அணையும் எப்போது அணையும் என்று அவள் வயசுக்கு வந்ததிலிருந்து காத்திருந்த தீ. "நம்ம ஊர்ல சாமி பொறப்பட்டா ஒரு வீட்டுச் செலவுலயா நடக்குது? ஆளுக்கு ஒரு நாள் மண்டகப்படி. ஒரு நாள் செட்டியார் வீடு, ஒரு நாள் மீன்காரத் தெரு, ஒரு நாள் நாட்டாமை. இதுக்கும் அப்படியே முறை வெச்சிக்குவோம். கம்பெனி சாமான் இல்லாத வீடு எது இங்க? தாசில்தார் வர்ற வரைக்கும் இது எரிஞ்சிக்கிட்டு இருக்கணும். எரியற வரைக்கும் அவன் சத்தியம் செல்லும்."

"என் வீட்டுக்காரர் கேடயத்தயா கேக்குற?" என்றாள் மாரிக்கண்ணு. அவள் புருஷனின் நீண்ட சேவைக்காகக் கம்பெனி கொடுத்த பித்தளைக் கேடயம் அவள் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்கு நடுவில் இருந்தது. "அந்த மனுசன் போனப்புறம் எனக்கு அது ஒண்ணுதாண்டி இருக்கு."

"இப்ப யாரும் கேக்கல அத்தாச்சி."

மறுநாளிலிருந்து தீ மண்டகப்படிக்குக் கிளம்பியது. விடிந்ததும் தையல்நாயகி முன்னால் நடப்பாள், தீ பின்னால் வரும். முறைக்காரர் வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கம்பெனி கொடுத்ததை எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள், மஞ்சள் ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் பூட்ஸையும், பள்ளிக்கூடத்துக்குக் கம்பெனி கொடுத்த புத்தகப் பைகளையும், ஒரு நாள்கூடச் சரியான நேரம் காட்டாத சுவர்க் கடிகாரத்தையும், ஓடாத மின்விசிறியையும், கப்பல் போட்ட சாவிக்கொத்தையும், வாயுக் கிணறு என்றால் முன்னேற்றம் என்று சின்னப் பிள்ளைகளைப் பாட வைத்த போட்டியில் கிடைத்த டிபன் பாக்ஸையும். தீ எல்லாவற்றையும் அவசரமில்லாமல் தின்றது, வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், இதை நாம் இத்தனை பத்திரமாகவா வைத்திருந்தோம் என்று சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் அழுதார்கள், அழுதவர்களுக்கு எதற்கு அழுகிறோம் என்று சொல்லத் தெரியவில்லை, சாயங்காலம் ஆனதும் சுண்டல் கொடுத்து முடித்து வைத்தார்கள். தெருவுக்குத் தெரு போட்டி வந்தது. மீன்காரத் தெரு, கம்பெனி வாங்கிக் கொடுத்த படகின் எஞ்சினையே தூக்கிக்கொண்டு வந்து வைத்தது. அன்று தீ பனை உயரம் நிமிர்ந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள், கமாலுதீன் கடையில் பால் தீர்ந்துபோனது.

ஒரு வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும்போதெல்லாம் கிணற்று மேட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த இடம் வந்தால் தீ நின்றுவிடும். வேலிப்பக்கம் சாயும், நாக்கை நீட்டும், உஸ்ஸென்று இழுக்கும். தையல்நாயகி வாவா என்று அதட்டி ஓட்டிக்கொண்டு வருவாள். அதற்குக் கம்பத்தின் மேல் ஏக்கம் என்று ஊர் முடிவு செய்தது. பழைய நாளை நினைத்து ஏங்குகிறவர்கள் தாழைமேட்டில் நிறையப் பேர் இருந்ததால், தீயின் ஏக்கம் அவர்களுக்கு உடனே புரிந்தது. மாரிக்கண்ணுதான் ஊரைத் திரட்டினாள். நாதஸ்வரமும் தவிலும் வைத்து, தீக்கு மாலை போட்டு, மாலை கருகாமல் அப்படியே இருக்க, கம்பத்தடிக்கு அழைத்துப் போனார்கள். தீ இரண்டு படி ஏறியது. மேளம் உச்சத்துக்குப் போனது. தீ நின்று, மேலே பார்த்து, கீழே பார்த்து, இரண்டு படியும் இறங்கி வந்து மேளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"அதுக்கே போதும்னு ஆயிடுச்சு அத்தாச்சி," என்றார் கமாலுதீன். "நீங்க எதுக்கு அத மேல ஏத்தறீங்க? எறங்குனவன் எறங்கிட்டான்."

மாரிக்கண்ணு தீயின் மாலையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் அவளே வந்து தையல்நாயகியைக் கூப்பிட்டாள். வீட்டுக்குள் கேடயத்தைக் கழற்றித் தரையில் வைத்திருந்தாள். தீ அதை ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கியது. முதலில் கப்பல் போனது, பிறகு தேதி, பிறகு அந்த மனுஷனின் பெயர். மாரிக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"அவரு இருமலையும் சேத்துத் தின்னுடு," என்றாள் தீயிடம். "அதுவும் அவனுங்க குடுத்ததுதான்."

ஆடி நடந்துகொண்டிருந்தது, சாமான்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கடைசித் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பேனாதான் கிடைத்தது. தீ ஆடு அளவாகி, கோழி அளவாகி, விரலி மஞ்சள் அளவுக்கு வந்தது. அப்போது அது நடக்க முடியாமல், தையல்நாயகி அதைக் கொட்டாங்குச்சியில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அந்தக் கொட்டாங்குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வெறுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய்க்கு வருகிற கோபம்.

தாசில்தார் வருவதற்கு இரண்டு நாள் இருக்கையில் வைத்திலிங்கம் அவள் முன்னால் வந்து நின்றார். இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து விசிலை எடுத்தார். அதை மட்டும் ஒளித்து வைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை.

"ஒரு தடவ ஊதிட்டுத் தர்றேன்," என்றார்.

"ஊதுங்க."

வாசலில் நின்று, வலது கையை நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து ஊதினார். எந்த லாரியும் நிற்கவில்லை. நிற்பதற்கு லாரி எதுவும் வரவில்லை. விசிலைத் துடைத்துக் கொட்டாங்குச்சியில் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாத்தங்காலுக்கு வெதை எங்க வாங்கறதுன்னு கேட்டுட்டு வர்றேன்," என்று நடந்தார். மண்ணே இன்னும் கைக்கு வரவில்லை என்று அவள் சொல்லவில்லை.

விசில் ஒரு நாள் தாங்கியது. அடுத்த நாள் காலை, எங்காவது ஏதாவது கிடக்குமா என்று ஊர் முழுக்கத் தேடிவிட்டு, வெறுங்கையோடு கிணற்று மேட்டு வழியே திரும்பிக்கொண்டிருந்தாள் தையல்நாயகி. தீ மிளகாய் விதை அளவில் கொட்டாங்குச்சியின் அடியில் கிடந்தது. வேலி ஓரம் வந்ததும், சாகப் போகிற அந்தப் பொட்டு, கொட்டாங்குச்சியின் விளிம்புக்கு ஏறி, குதிக்கப் பார்த்தது. அவள் கையால் மறித்தாள். அது விரல்களுக்கு நடுவில் நாக்கை நீட்டியது. கம்பத்தின் பக்கம் இல்லை, கீழே, கருப்பு மண்ணின் பக்கம்.

தையல்நாயகி மாடு வளர்த்தவள். தாய் மாட்டைப் பார்த்து இழுக்கிற கன்றின் இழுப்பு வேறு, வைக்கோலைப் பார்த்து இழுக்கிற இழுப்பு வேறு என்று அவள் கைக்குத் தெரியும். இத்தனை நாளும் கயிற்றைப் பிடித்திருந்தும் அவளுக்குத் தெரியாமல் போனது. ஊர் ஏங்கியது, அதனால் தீயும் ஏங்குகிறது என்று அவளும் நம்பிவிட்டாள்.

"அடப் பாவி," என்றாள். "ஒனக்கு ஏக்கமில்ல. பசி."

அங்கேயே இறக்கி விட்டிருக்கலாம். கை கீழே போகவும் செய்தது. ஆனால் பார்க்க யாருமில்லாதபோது தின்றால், தையல்நாயகி வயலில் தீ வைத்தாள் என்றுதான் கதை கட்டுவார்கள். கையை மேலே இழுத்துக்கொண்டாள். "பொறுத்துக்க. நாளைக்கு எல போட்டப்புறம் சாப்புடலாம்," என்று கொட்டாங்குச்சியை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, அது அணைந்துவிட்டதா அணைந்துவிட்டதா என்று ஒவ்வொரு அடிக்கும் விலக்கிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் தாசில்தார் அம்மா வந்தார். குடை பிடித்துக்கொண்டு, வேகமாக நடக்கிற, குறைவாகப் பேசுகிற பெண்மணி. அவர் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டதால் பத்மநாபனும் இறங்க வேண்டியதாயிற்று. தீயணைப்பு வண்டியும் வந்து தயாராக நின்றது. கிணற்று மேட்டைச் சுற்றி ஊரே நின்றது. கொட்டாங்குச்சிக்குள் எட்டிப் பார்த்த தாசில்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இருக்கா?"

"இருக்குங்கம்மா. எள்ளுப் போல இருக்கு."

"அது தீயில்ல மேடம், தணல்," என்றார் பத்மநாபன். "அணைஞ்சிடுச்சுன்னே வெச்சிக்கலாம்."

"ஒரு நிமிசம் சார்." தையல்நாயகி ஊருக்குக் கேட்கிற குரலில் பேசினாள். "இந்தக் கருப்பு யாரோடதுன்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லிடுங்க. அம்மா கேக்கட்டும்."

"எத்தனை தடவ சொல்றது? அது ஆதிகாலத்துச் சேறு. கம்பெனியோடது கெடையாது."

"சரிங்க சார்."

அவள் குனிந்தாள். முழங்கால் நோகக் குத்துக்காலிட்டு, கொட்டாங்குச்சியை வேலிக்கு அடியில் சாய்த்து, எள்ளளவு தீயைத் தன் அப்பாவின் வயலில் இறக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று மட்டும் அடித்தது. பத்மநாபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாரிக்கண்ணு அம்மனைக் கூப்பிட்டாள்.  தப்பாகக் கணித்துவிட்டோமோ, இவ்வளவு நாள் காப்பாற்றியதை இந்தக் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்று தையல்நாயகி மண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, வைக்கோலை மாடு முதல் வாய் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கருப்பில் ஒரு சின்னக் குழி விழுந்தது. இன்னொரு வாய். இன்னொரு வாய். தீ கோழியானது, ஆடானது, கன்றானது, ஆள் உயரம் எழுந்து வயலின் நடுவே நடந்து நடந்து தின்றது. அது தின்றுவிட்டுப் போன இடத்தில், பெண்கள் பலர் தங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தேயிராத பழுப்பு நிறத்தில் மண் கிடந்தது.

 கமாலுதீன்தான் மெல்லச் சொன்னார்: "கம்பெனி சாமானத் தவிர அது எதையும் தொடாதுல்ல?"

"அணைங்க!" என்றார் பத்மநாபன் தீயணைப்பு வண்டியைப் பார்த்து. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"யாரோட பொருள் எரியுதோ அவங்க கேட்டா அணைப்போம் சார்," என்றார் வண்டிக்காரர். "உங்களோடதுன்னு சொல்லுங்க, இப்பவே தண்ணி அடிக்கிறோம்."

பத்மநாபன் தாசில்தாரைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் தீ தின்பதை நிறுத்தியது. தலையைத் திருப்பியது. கூட்டத்துக்குள் இருந்து ஏதோ நல்ல வாசனை வருவதுபோல முகர்ந்துகொண்டு, நேராக அவரை நோக்கி வந்தது. அவர் பின்வாங்கினார். பாக்கெட்டில் இருந்த இலையின் நுனி சிவந்து சுருண்டது.

"சார், சட்டை!" என்று வைத்திலிங்கம்தான் பழைய விசுவாசத்தில் கத்தினார். "கழட்டிடுங்க சார்!"

பத்மநாபன் பித்தான்கள் தெறிக்கச் சட்டையைக் கழற்றி எறிந்தார். தீ அதை அந்தரத்திலேயே கவ்வி, இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, மறுபடி வயலுக்குப் போனது.

"ஊருக்குத்தான்டி பேர மாத்தி இருக்கானுங்க, தீக்குத் தெரியாதா?" என்றாள் மாரிக்கண்ணு. தாழைமேடு முதலில் தயங்கி, பிறகு அடக்க முடியாமல், கடற்கரை வரை கேட்கிற மாதிரி சிரித்தது.

தாசில்தார் குடையை மடக்கினார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"தீ எரியுது," என்றார். "நான் வேற என்ன சொல்ல முடியும்? எரியற வரைக்கும் மண்ணு கம்பெனி பொறுப்பு." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறாமல், கமாலுதீன் கொண்டுவந்து கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு தீ தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தையல்நாயகி வேலியைத் தாண்டி வயலுக்குள் இறங்கினாள். பழுப்பு மண்ணில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். சூடாக இருந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். உப்பு. காறித் துப்பினாள். அவ்வளவு சீக்கிரம் சரியாகிவிடுமா என்ன. கண்ணில் நீர் வந்தது; உப்பினால் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆழமாப் போகணும்," என்றாள் தீயைப் பார்த்து. அது உஸ்ஸென்று மூச்சு விட்டு, தின்ற இடத்துக்கே திரும்பி வந்து அடியில் தோண்டத் தொடங்கியது.

பத்மநாபன் பனியனோடு வரப்பில் நின்றார். வெயில் அவர் தோளில் சுட்டது. இந்தத் தடவை மைக் இல்லாமல், சாதாரண மனுஷக் குரலில் கேட்டார்:

"இது முடிய எவ்வளவு நாளாகும்மா?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? எவ்வளவு ஆழத்துக்கு எறக்கினீங்கன்னு ஒங்களுக்குத்தான தெரியும்."

அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். தையல்நாயகி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலேயே, முதுகுப்பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"சார்! நாளைக்கும் வாங்க. சட்ட போட்டுக்கிட்டு வாங்க."